சுண்டெலிகளின் குரல் கேட்ட ஊர்

நெடுங்கல்மேட்டில் ஒரு கார்த்திகை மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, பாம்பு மருந்து ஆபீசின் விலங்குக் கூடத்தில் தணிகாசலம் முதல் பெட்டியின் கம்பி மூடியைத் திறந்து ஒரு வெள்ளைச் சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கியபோது, அது போட்ட சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. சலூனில் பாதிச் சவரத்தோடு உட்கார்ந்திருந்தவருக்கும், ஏரிக்கரையில் மாடு கழுவிக்கொண்டிருந்தவருக்கும், பேங்க் திறக்கக் காத்திருந்த வரிசைக்கும், பக்கத்து அறையில் யாரோ ஈரக் கண்ணாடியை விரலால் தேய்ப்பதுபோல அது ஒரே அளவில், ஒரே தூரத்தில் கேட்டது. சுண்டெலிகள் தங்களுக்குள் பேசுவதெல்லாம் மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் என்று படித்தவர்கள் சொல்வார்கள். அன்று காலை அது எட்டியது. நாய்கள் மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை, அவை அதைப் பிறந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பவை.

முதல் நாள் அது இன்னதென்று ஊருக்குப் பிடிபடவில்லை. மின்வாரியத்து ஆட்கள் இரண்டு டிரான்ஸ்பார்மரை நிறுத்திப் பார்த்தார்கள். அரவை மில்லில் பெல்ட்டைக் கழற்றி எண்ணெய் விட்டார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொரு காதாகப் பார்த்தார். புதன்கிழமையும் எட்டு பத்துக்கு அது தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கணக்கில் வந்து, ஒரு மணிக்கு நின்று, இரண்டு மணிக்கு மறுபடி தொடங்கி, நாலு மணிக்கு ஓய்ந்தபோது, சத்துணவுக் கூடத்தில் சாதம் வடித்துக்கொண்டிருந்த ஜெகதாம்பாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏனென்றால் அவையெல்லாம் அவள் புருஷன் தணிகாசலம் சுண்டெலிகளைக் கையாளும் நேரங்கள்.

தணிகாசலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்து மூன்று வருஷமாக விலங்குக் கூடத்தில்தான் வேலை. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷமேற்றி, அதன் ரத்தத்திலிருந்து பாம்புக்கடி மருந்து எடுக்கும் அந்த ஆபீசில், எடுத்த மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது சுண்டெலிகளின்மேல். நாலாயிரம் சுண்டெலிகள் அங்கே தகரத் தட்டுகளில், கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டிகளில், ஒரு பிடி உமியின்மேல் பிறந்து வளர்ந்து இருந்தன. உமி மாற்றுவது, தண்ணீர்ப் புட்டி நிரப்புவது, எடை பார்ப்பது, ஊசிக்குப் பிடித்துக் கொடுப்பது, கடைசியில் அள்ளிக்கொண்டுபோய் எரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் கொடுமைக்காரர் இல்லை. கை சுத்தம், வேகம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வாலில் பட்டதும் தெரியாது, எலி புதுப் பெட்டிக்குள் விழுந்ததும் தெரியாது என்று மேலதிகாரிகள் மெச்சுவார்கள். வீட்டில் அவர் அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. குளித்துவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஜெகதாம்பாள் காபியைக் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்தாள்.

"அதுங்கள எப்படித் தூக்குவீங்க?" என்று கேட்டாள்.

அவர் காற்றில் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். வேறு எப்படித் தூக்க, கையைக் கொடுத்தால் கடித்துவிடும் என்றார்.

"இன்னைக்கு அறுநூத்திப் பன்னெண்டு வாட்டி கத்துச்சு. அடுப்பாண்ட நின்னுக்கினே எண்ணினேன்."

அவள் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தார். மறுநாள் ஆபீசில் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். புதன்கிழமை உமி மாற்றிய பெட்டிகள் நூற்று இரண்டு, பெட்டிக்கு ஆறு உயிர். பெருக்கிப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடிவைத்தார். அன்று வேலை முடிகிறவரை ஒவ்வொரு முறை வாலைத் தொடும்போதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தார். மின்விசிறி சத்தமும் உமி சரசரப்பும்தான் கேட்டன. நெடுங்கல்மேட்டில் பதினோராயிரம் பேருக்குக் கேட்டது, தணிகாசலம் ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை. அது ஏன் என்று அப்போதும் யாருக்கும் தெரியாது, பிறகும் தெரியவில்லை.

மார்கழி பிறப்பதற்குள் ஊர் தன் நாளை அந்தக் குரல்களைச் சுற்றி மாற்றி அமைத்துக்கொண்டது. சலூன்காரர் எட்டிலிருந்து ஒன்றுவரை கத்தியைத் தொடுவதில்லை, கத்தி வழுக்கிவிடும் என்று முடிமட்டும் வெட்டினார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தைச் சாப்பாட்டு நேரத்துக்குப் பக்கத்தில் தள்ளிவைத்தார்கள். பெருமாள் கோயிலில் காலைப் பாட்டு கேசட்டின் சத்தத்தைக் குறைத்தார்கள், ஏனென்றால் விடிகிற நேரத்தில் ஆண் சுண்டெலிகள் பெண் சுண்டெலிகளைப் பார்த்துப் பாடுகிற பாட்டு ஒன்று இருந்தது, ஏறி இறங்கி வளைந்து போகிற அந்தப் பாட்டைக் கேட்பதற்கென்றே சிலர் அலாரம் வைத்து எழுந்தார்கள். பால் கொடுக்கிற பெண்களுக்கு, குட்டியைத் தாயிடமிருந்து பிரித்த சத்தம் கேட்டதும் ரவிக்கை நனைந்தது. அவர்கள் அதைப் பற்றி வெட்கப்படாமல் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். போஸ்ட்மாஸ்டராக இருந்து ரிடையரானவர் ஒருவர், பெண்டாட்டி போனபின் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர், ஒரு நாள் டீக்கடையில் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வடக்கு மூலையில் ஒருத்தன் தனியாக இருக்கிறான், பதில் வராது என்று தெரிந்தே கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றார். அவர் சொன்னதைத் தணிகாசலத்திடம் சொன்னார்கள். போய்ப் பார்த்தபோது வடக்கு மூலைத் தட்டில் ஒரு ஆண் சுண்டெலி, மற்ற ஆண்களோடு சண்டை போடுகிறது என்று நாலு மாதமாகத் தனிப்பெட்டியில் இருந்தது.

தணிகாசலத்தை யாரும் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. டீக்கடையில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் கையால் செய்ததை எல்லாம் ஊரே கேட்டிருந்தது, கேட்காத ஒரே ஆள் அவர், அதனால் அவரைப் பார்க்கும்போது எதையோ மறைப்பவர்கள்போல அவர்களுடைய முகம்தான் கீழே போனது. வீட்டில் ஜெகதாம்பாள் சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், சாயங்காலம் ஒரு எண்ணை மட்டும் சொன்னாள். ஐந்நூற்று எழுபது. அறுநூற்று நாற்பது.

விலங்குக் கூடத்துக்கு மெஹருன்னிசா என்று ஒரு கால்நடை டாக்டர் இருந்தார். வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வந்த முதல் மாதமே, சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அட்டைக் குழாய்க்குள் அதுவாக நுழையவிட்டுத் தூக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்த வேண்டும் என்று ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். ஒளிந்துகொள்ள மறைவும், கூடு கட்டக் காகிதமும் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார், பதில் வரவில்லை. தணிகாசலமும் அந்தத் தாளை ஒரு தடவைக்குமேல் படிக்கவில்லை. நூறு பெட்டியை உள்ளங்கையால் மாற்றினால் இருட்டிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

தை முதல் வாரத்தில் அவராகவே டாக்டரின் மேஜை முன்னால் போய் நின்றார்.

"டாக்டரம்மா, எனக்குக் கேக்கல. கைய எப்படி வெக்கணும்னு காட்டிக் குடுங்க."

மெஹருன்னிசா கையுறையை மாட்டிக்கொண்டு காட்டினார். கையைப் பெட்டிக்குள் விட்டதும் பிடிக்கப் போகக் கூடாது, உமிக்குமேல் சும்மா வைத்திருக்க வேண்டும், அது வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகட்டும், மறுபடி வரட்டும். தணிகாசலத்தின் கை இருபத்து மூன்று வருஷமாகக் காத்திருந்து பழகாத கை. முதல் நாள் ஏழு சுண்டெலிகள் எகிறிக் குதித்து ஓடின, இரண்டு கடித்தன. நாலாவது நாள் ஒன்று, தானாகவே அவர் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டது. அது அப்படிச் செய்யும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

வேலை இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. பஞ்சாயத்துத் தலைவர் துரைக்கண்ணு ஆபீசுக்கு நேரில் போய்ப் பேசி, கூடுதலாக இரண்டு ஆள் வாங்கிக்கொடுத்தார். ஜவுளிக்கடைக்காரர்கள் துணி சுற்றி வந்த அட்டைக் குழாய்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். அச்சாபீசிலிருந்து மை படாத காகித வெட்டுகள் வந்தன. எல்லாவற்றையும் நீராவியில் வேகவைத்துப் பெட்டிக்கு ஒன்றாகப் போட்டார்கள். வடக்கு மூலைக்காரனோடு வயதான பெண் சுண்டெலிகள் இரண்டை விட்டார்கள், அன்று சாயங்காலம் போஸ்ட்மாஸ்டர் டீக்கடையில் இரண்டு டீ குடித்தார். பின்னறையில் இருந்த பெரிய எலிகளைக் கழுத்திலும் வயிற்றிலும் விரலால் கிச்சுகிச்சு மூட்டினால் மனிதரோடு ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். தணிகாசலம் கூச்சத்தோடு ஒரு எலியைப் புரட்டிப்போட்டு விரலால் வயிற்றைக் கிளறியபோது, ஜன்னலுக்கு வெளியே வாட்ச்மேன் கேட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் எட்டு வகுப்பும் ஒரே நேரத்தில் சிரித்ததாகவும், பேங்கில் மானேஜர் சிரித்ததாகவும் பிறகு சொன்னார்கள். எலிகள் சிரித்திருந்தன. அவருக்கு விரல்நுனியில் எலியின் வயிறு அதிர்வது மட்டும் தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஜெகதாம்பாள் சொன்ன எண் ஒன்பது.

ஆனால் மாசியில் சோதனை வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை புது மருந்து தயாராகும்போது, அறுபது சுண்டெலிகளுக்கு விஷத்தையும் மருந்தையும் வெவ்வேறு அளவில் கலந்து வால் நரம்பில் ஏற்றுவார்கள். மருந்து போதிய அளவு போனவை பிழைக்கும், போதாதவை சாகும். நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருந்து செத்ததை எண்ணினால் மருந்தின் பலம் தெரியும். விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. மார்கழியில் நடக்க வேண்டிய சோதனை மருந்து தயாராகாமல் தள்ளிப்போயிருந்ததால், ஊருக்கு இதுதான் முதல் தடவை. அந்த இரண்டு நாளும் நெடுங்கல்மேட்டில் ஒரு கல்யாணம் நடக்காமல் நின்றது, பல வீட்டில் அடுப்பு எரியவில்லை, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள், பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறிப் போனவர்களுக்கு அங்கேயும் கேட்டது, ஏனென்றால் அது தூரத்தைப் பொறுத்தது இல்லை, நெடுங்கல்மேட்டுக்காரராக இருப்பதைப் பொறுத்தது.

மூன்றாம் நாள் பஞ்சாயத்துக் கட்டடத்து முன்னால் கூட்டம் கூடியது. ஆபீசை மூட வேண்டும் என்று துரைக்கண்ணு தீர்மானத்தைப் படித்தார். யாரும் எதிர்க்கவில்லை. கையெழுத்துக்குப் பேனாவை எடுத்தபோது அஞ்சலாட்சி எழுந்தாள். நாற்று நடுகிறவள், இடது கையில் இரண்டு விரல் இல்லாதவள், கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவள்.

"எனக்கு இருவது பாட்டல் ஏத்தினாங்க," என்றாள். "ஒவ்வொரு பாட்டலும் இதுங்க மேல பாத்து அனுப்பினதுதான். மூடுங்கன்னு சொல்ற வாயி எனக்கில்ல. ரெண்டு நாள் அதைக் கேட்டுக்கினு சும்மா இருக்கிற காதும் எனக்கில்ல. எனக்கு வழி தெரியல, நீங்கதான் சொல்லணும்."

அவள் உட்காரவில்லை. அவளைப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் அங்கங்கே பாம்பு கடித்துப் பிழைத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். முப்பத்தொரு பேர். துரைக்கண்ணு பேனாவை மூடினார்.

ஆபீசின் டைரக்டர் அன்று கூட்டத்துக்கு வந்திருந்தார். நல்ல மனிதர்தான். தன் கையில் ஒன்றும் இல்லை, நாற்பத்தெட்டு மணி நேரம் என்பது விதி என்றார். மெஹருன்னிசா எழுந்து, இன்னது பிழைக்காது என்று முன்கூட்டியே நிச்சயமாகச் சொல்ல முடிந்தால், கடைசிவரை துடிக்கவிடாமல் மயக்கமருந்து கொடுத்துத் தூங்கவைக்க விதியில் இடம் கேட்கலாம், ஆனால் பார்வையால் அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை, தப்பாகிவிட்டால் மருந்தின் கணக்கே தப்பாகி எங்கோ ஒரு ஆள் செத்துப்போவார் என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஜெகதாம்பாள் சொன்னாள்:

"எனக்குத் தெரியும். போகப் போற உசுரு, கத்துற கத்தல் ஒரு நேரத்துல கீழ எறங்கிடும். எறங்கினா திரும்ப ஏறாது. நான் கேட்டுக்கினே இருந்தேன்."

தணிகாசலம் ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் நின்றிருந்தார். அந்த இரண்டு நாளும் அவர் சோதனை அறையில்தான் இருந்தார், அவள் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் பக்கத்தில் நடந்ததைத் தன்னைவிட அதிகமாக அவள் தெரிந்துவைத்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

சித்திரைச் சோதனையில் அதை நிரூபிக்க வேண்டியிருந்தது. நிரூபிக்க வேண்டுமென்றால் அந்த அறுபதையும் பழைய விதிப்படி கடைசிவரை விட வேண்டும். ஊருக்கு அது சொல்லப்பட்டது, ஊர் அதற்குச் சம்மதித்துக் கடைகளைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தது. டாக்டர் ஒவ்வொரு பெட்டியையும் துணி போட்டு மூடி ஜெகதாம்பாள் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, இருக்கும், போகும், இன்னும் தெரியல என்று மூன்றே பதில் சொன்னாள். முதல் நாள் சாயங்காலத்துக்குள் அவள் போகும் என்று சொன்னவை இருபத்து மூன்று. இரண்டாம் நாள் முடிவில் செத்தவை அதே இருபத்து மூன்று. டாக்டர் மணி வாரியாக எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார். எழுதியதை மேலே இருந்தவர்கள் மூன்று தடவை திருப்பி அனுப்பிக் கேள்வி கேட்டார்கள். அதுவரை ஆனிச் சோதனையைத் தள்ளிவைத்திருந்தார்கள். ஆனி கடைசியில் அனுமதி வந்தது, நெடுங்கல்மேட்டுக்கு மட்டும், ஜெகதாம்பாள் என்கிற பெயரைக் குறிப்பிட்டு.

ஆடிச் சோதனையன்று கூடத்து வாசலில் அவளுக்குப் பச்சை அங்கியும் முகமூடியும் தொப்பியும் கொடுத்தார்கள். அங்கியின் முதுகுப்புறத்து நாடாவைக் கட்ட அவளுக்குத் தெரியவில்லை. தணிகாசலம் பின்னால் நின்று கட்டினார். கல்யாணமான இந்த இருபத்து நாலு வருஷத்தில் அவர் வேலை செய்கிற இடத்துக்கு அவள் வருவது இது இரண்டாவது தடவை. சித்திரையில் வந்தபோது டாக்டரின் அறையோடு சரி, அவரோடு கூடத்துக்குள் போவது இதுதான் முதல் தடவை. தட்டுத் தட்டாக உயர்ந்து நின்ற பெட்டிகளையும், ஒவ்வொன்றிலும் அட்டைக் குழாய்க்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த மூக்குகளையும் பார்த்தபடி நடந்தாள். ஊசி போட்டு மூன்று மணி நேரம் கழிந்தது. அறுபது பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். தணிகாசலம் சுவரோரம் நின்றார். டாக்டர் மூலை மேஜையில் மயக்கமருந்துப் பெட்டியைத் தயாராக வைத்திருந்தார். வெளியே ஊர் ரேடியோவை நிறுத்தியிருந்தது, மில்லை நிறுத்தியிருந்தது.

பதினொன்றரைக்கு ஜெகதாம்பாள் எழுந்து மூன்றாவது தட்டில் ஒரு பெட்டியின்மேல் கை வைத்தாள்.

"இது," என்றாள்.

தணிகாசலம் மூடியைத் திறந்து இரண்டு கையையும் உள்ளே விட்டு, உமிமேல் வைத்துக் காத்திருந்தார். சுண்டெலியால் ஏறி வர முடியவில்லை. மெதுவாக அதன் அடியில் கையை நுழைத்து உமியோடு சேர்த்து அள்ளினார். சூடாக இருந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து மூச்சு வாங்கியது. அந்தப் பெட்டியிலிருந்து டாக்டரின் மேஜைக்கு ஏழு எட்டு அடிதான், அதை அவர் இருபத்து மூன்று வருஷத்தில் எந்த வேலையையும் செய்யாத அளவுக்கு மெதுவாக நடந்தார். டாக்டர் பெட்டியை நீட்டினார். அவர் சுண்டெலியை உள்ளே இறக்கினார். டாக்டர் மூடியைச் சாத்தினார்.

பிறகு அவர் மனைவியிடம் வந்தார். இவ்வளவு மாதமாகக் கேட்க வேண்டும் என்று இருந்ததைக் கேட்டார்.

"என் கையில இருந்தப்ப எப்படிக் கத்துச்சு?"

ஜெகதாம்பாள் முகமூடிக்குமேல் தெரிந்த கண்களால் அவரைப் பார்த்தாள்.

"கத்தல. நீங்க கைய அடியில குடுத்ததும் நிறுத்திடுச்சு. எனக்கு உங்க மூச்சு மட்டுந்தான் கேட்டுச்சு."

அவர் கை கழுவிக்கொண்டு வந்தார். அவள் அடுத்த பெட்டியைத் தேடி ஐந்தாவது தட்டுக்குப் போயிருந்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் அப்படிப் பதினெட்டு உயிர்கள் மூன்றாவது தட்டிலிருந்தும் ஐந்தாவது தட்டிலிருந்தும் அவர் கையேறி மேஜைக்குப் போயின. மீதி நாற்பத்திரண்டும் பிழைத்துத் தீனி தின்றன. மருந்து நல்ல மருந்து என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார், அடுத்த வாரம் அது பெட்டி பெட்டியாக லாரியில் ஏறி, விதைப்புக்கு இறங்கப் போகிற ஊர்களுக்கெல்லாம் போனது. அந்தப் பதினெட்டு உயிரும், இந்த மருந்தும், இரண்டும் தணிகாசலத்தின் கைவழியே போனவைதான், இரண்டையும் அவர் அதற்குப் பிறகு மறக்க முயன்றதில்லை.

இருவரும் அங்கியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தபோது கேட்டிலிருந்து மார்க்கெட்வரை சாலையின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றிருந்தார்கள். சலூன்காரர், போஸ்ட்மாஸ்டர், அஞ்சலாட்சி, கைக்குழந்தையோடு பெண்கள். துரைக்கண்ணு வழியில் நின்ற தன் ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளினார். நெடுங்கல்மேட்டில் புருஷன் பெண்டாட்டி தெருவில் ஒட்டி நடக்கிற வழக்கம் இல்லை, ஜெகதாம்பாளும் எப்போதும் நாலடி பின்னால் வருகிறவள்தான். அன்று அவள் முன்னால் வந்து, ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தணிகாசலத்தின் வலது கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். வீடுவரை விடவில்லை.